நூல் விடும் அட்டை: இராமநாதபுரம் கடலடியில் நஞ்சும் உழவும்

பெரியபட்டினம் கரையில் அன்று காலை நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். வலையில் நீலக்கால் நண்டு எட்டோ பத்தோ இருக்கும். கொஞ்சம் பாசி, இரண்டு செத்த சிப்பி, அடிப்பக்கத்தில் சுருண்டு கிடந்த ஒரு கடல் அட்டை. அரை முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். வெளிறிய உடம்பில் காப்பிக்கொட்டை நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. உயிரோடுதான் இருந்தது. அதை வலைக்கண்ணியிலிருந்து எடுத்துவிடலாம் என்று விரலை நீட்டினேன். பக்கத்தில் குந்தியிருந்த பெரியவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"கைய வைக்காதிய தம்பி. நூல் வுட்டுருவான்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அது விட்டுவிட்டது. பின்பக்கத் துளையிலிருந்து இடியாப்பம் பிழிந்ததுபோல வெள்ளை வெளேரென்று இழைகள் வந்தன. முதலில் கட்டையாகவும் தடிமனாகவும் இருந்தவை, தண்ணீர் சொட்டும் வலையில் பட்டதும் மெலிந்து நீண்டன. பட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டன. பக்கத்திலிருந்த ஒரு நண்டின் பின்காலில் நாலைந்து இழை சுற்றிக்கொண்டது. நண்டு இழுக்க இழுக்க நூல் நீண்டதே தவிர அறவில்லை. என் சுண்டுவிரலில் பட்டது ஒரே ஓர் இழை. அதை எடுக்க ஈர மணலைப் போட்டு நெடுநேரம் தேய்க்க வேண்டியிருந்தது.

பெரியவர் ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். 1980களில் சங்கோடு சேர்த்து அட்டையும் எடுத்தவர். ஊரில் எல்லோரும் அவரைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், இந்தக் கரையில் அண்ணனுக்கு அதுதான் சொல். நானும் அப்படித்தான். நான் கடலுயிரியல் படித்தவன். இந்த மாவட்டத்துக் கரையிலேயே வளர்ந்தவன். ஆனாலும் நூல் அட்டை நூல் விடுவதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். அந்தக் காலையை வைத்துக்கொண்டு நம் கடலில் அட்டைக்கு நடந்ததை முழுவதுமாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அட்டையின் உடம்பில் இருக்கும் நஞ்சையும், அது கடலடியில் செய்யும் வேலையையும், அதை நாம் எடுத்துத் தீர்த்த கதையையும் தனித்தனியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால்தான் இதில் ஏதாவது புரியும்.

பெயரும் உடம்பும்

கடல் அட்டை என்றதும் வயலில் இரத்தம் உறிஞ்சும் அட்டையை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவு. முள்தோலி வகை. தலை கிடையாது, மூளை கிடையாது. ஒரு பக்கம் வாய், அதைச் சுற்றிக் குட்டையான விரல்கள்போல உணர்கொம்புகள். மறுபக்கம் மலவாய், அதன் வழியாகத்தான் மூச்சும் விடுகிறது. நடுவில் தடித்த தோல்.

நம் கரைக்காரர்கள் வைத்த பெயர்களில் அறிவு இருக்கிறது. அடிவயிறு வெளுத்தது வெள்ளை அட்டை. விலையில் முதலிடம் அதற்குத்தான். ஹோலோதூரியா ஸ்காப்ரா என்பது அதன் அறிவியல் பெயர். கரிய குச்சிபோல நீண்டு கிடப்பது குச்சி அட்டை. இன்னொன்று ராஜ அட்டை. வலையில் நான் பார்த்தது நூல் அட்டை, அறிவியலில் போஹாட்ஷியா மார்மொரேட்டா. கடிக்க வருபவனுக்கு இந்த உயிர் என்ன செய்யும் என்பதையே பெயராக வைத்திருக்கிறார்கள். எந்தப் பாடப்புத்தகத்துக்கும் முன்பே இந்தப் பெயர் இங்கே புழங்கியது.

அந்த நூலுக்குக் குவியேக் குழல்கள் என்று பெயர். மூச்சு விடும் உறுப்பின் அடியில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஐரோப்பியக் கடல்களில் இருக்கும் ஹோலோதூரியா ஃபோர்ஸ்காலி என்ற இனத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஓர் அட்டைக்குள் சில நூறு குழல்கள் இருக்கும். வெளியே வந்தால் தம் நீளத்தைப்போல 20 மடங்கு வரை நீளும். எதிலாவது பட்டதும் சில நொடிகளில் பசையாகிவிடும். இழந்த குழல்கள் மறுபடி வளர ஏறக்குறைய 5 வாரம் ஆகும். அதுவரை அட்டையிடம் அந்த ஆயுதத்தில் ஒரு பகுதி இல்லை. அதனால் சும்மா சும்மா விடாது. அன்று வலையில் அது எவ்வளவு நேரம் போராடியிருந்தால் கடைசியில் நூலை விட்டிருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன்.

எல்லா அட்டைக்கும் இந்த நூல் கிடையாது. குச்சி அட்டைக்கு இல்லை, அதைத் தேய்த்தால் சிவந்த சாயம்போல ஒன்று கையில் படியும். வெள்ளை அட்டைக்கும் நூல் இல்லை, அது மணலுக்குள் புதைந்துகொள்ளும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பூந்திக்கொட்டைக்கும் அட்டைக்கும் உள்ள உறவு

நூல் கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரியாத ஆயுதம்தான் பெரியது. 1952ல் ராஸ் நிக்ரெல்லி என்ற அமெரிக்க ஆய்வாளர், பஹாமாஸ் கடலின் ஓர் அட்டையிலிருந்து எடுத்த நஞ்சைப் பற்றி எழுதினார். மீன்களைக் கொல்லும் அந்தப் பொருளுக்கு ஹோலோதுரின் என்று பெயர். வேதியியலில் அது சபோனின் வகை. சபோனின் என்றால் நமக்குப் புதிதல்ல. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கினால் நுரை வருகிறதே, சீயக்காய் நுரைக்கிறதே, அதெல்லாம் சபோனின்தான். செடிகள் செய்யும் அதே வகைப் பொருளை விலங்குகளில் பெரிய அளவில் செய்பவை கடல் அட்டையும் நட்சத்திர மீனும்.

நுரைக்கும் பொருள் எப்படி நஞ்சாகும்? நம் ஊரில் விடை தெரியாதவர் இல்லை. மருக்காரைக் காயை நசுக்கிக் குட்டையில் போட்டு மீனை மயங்கவைத்துப் பிடிக்கும் வழக்கம் பழையது. இலுப்பைப் பிண்ணாக்கைக் குளத்தில் கரைத்து வேண்டாத மீனை ஒழிப்பதும் தெரிந்ததுதான். இறால் பண்ணைக்காரர்கள் குட்டையில் இருக்கும் களை மீனைக் கொல்ல டீ சீட் கேக் என்று ஒன்றை வாங்கிப் போடுவார்கள். தேயிலை இனத்துச் செடியின் கொட்டையிலிருந்து வரும் பிண்ணாக்கு அது. மீன் மட்டும் செத்து மிதக்கும், இறால் தப்பிவிடும். இவை எல்லாவற்றிலும் வேலை செய்வது சபோனின். பசிபிக் தீவுகளில் இதே வேலைக்குக் கடல் அட்டையையே பயன்படுத்தியிருக்கிறார்கள். பாறைக்குழியில் தேங்கிய நீரில் குச்சி அட்டையைத் தேய்த்துவிட்டால் உள்ளே இருக்கும் மீன் மயங்கி மேலே வந்துவிடும்.

உடம்பின் ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கிறது. சபோனின் அந்தக் கொலஸ்டிராலைப் பிடித்துக்கொண்டு சவ்வில் ஓட்டை போட்டுவிடும். இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடைந்து கரையும். மீனின் செவுள் மிக மெல்லியது, நேராகத் தண்ணீரில் நனைந்துகொண்டே இருப்பது. அதனால் முதல் அடி செவுளுக்கு. மனிதர் கையில் பட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணில் தெறித்தால் நிலைமை வேறு, பார்வைக்கே ஆபத்து. "அட்டை அறுக்கும்போது மூஞ்சியத் தொடக் கூடாது" என்று காக்காவுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சரி, அட்டையின் நஞ்சு அட்டையையே ஏன் கொல்லவில்லை? அதன் சவ்வில் வழக்கமான கொலஸ்டிராலுக்குப் பதிலாக அமைப்பில் கொஞ்சம் மாறிய வேறு ஸ்டிரால்கள் இருக்கின்றன. சபோனின் அவற்றைச் சரியாகப் பிடிக்க முடியாது. பூட்டையும் சாவியையும் ஒன்றாகச் செய்தவன் தன் வீட்டுக்கு மட்டும் வேறு பூட்டுப் போட்டுக்கொண்டதுபோல. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பகுதி இதுதான்.

இந்த நஞ்சையே முகவரியாக வைத்துக்கொண்டு அட்டையைத் தேடி வருபவர்களும் உண்டு. அட்டையின் மேலேயே வாழும் ஒரு சின்னஞ்சிறு நண்டு இருக்கிறது. மடகாஸ்கரில் செய்து 2013ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நீரில் கரைந்து வரும் சபோனினை உணர்ந்துதான் அந்த நண்டு தன் அட்டையைக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தது. அட்டையின் மலவாய் வழியாக உள்ளே போய்க் குடியிருக்கும் ஒல்லியான மீனும் உண்டு. ஊரெல்லாம் அஞ்சும் வீட்டுக்குள் போய்ப் பதுங்கினால் யார் தொடப் போகிறார்கள்! அட்டையை முழுதாக விழுங்கும் பெரிய சங்கினம் ஒன்றும் இருக்கிறது. ஆக நஞ்சு எல்லோரையும் நிறுத்தவில்லை. பெரும்பாலான மீன்களை நிறுத்துகிறது, அட்டைக்கு அது போதும்.

கடலடியின் உழவு

இப்போது வேலைக்கு வருவோம். அட்டை மணல் தின்னும். உணர்கொம்பால் மணலை அள்ளி வாயில் போடும். மணலோடு ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள், நுண்பாசி, மக்கிய துகள் ஆகியவை செரிக்கும். சுத்தமான மணல் பின்னால் கயிறுபோல வெளியே வரும். மண்புழு வயலில் செய்வதைத்தான் இது கடலில் செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு. மண்புழு பறவையின் கண்ணில் படாமல் மண்ணுக்குள் இருக்கிறது. அட்டையோ திறந்த மணல்வெளியில், பட்டப்பகலில்கூட, நூறு மீன் கண்முன்னால் படுத்துக்கொண்டு மேய்கிறது. ஓடத் தெரியாது, ஓடு கிடையாது, பல் கிடையாது. நஞ்சு இல்லாவிட்டால் ஒரு நாள் தாங்காது. அந்த உழவு நடக்கிறதென்றால் அதற்குக் காவல் அந்த நஞ்சுதான். நான் சொல்ல வந்த விஷயத்தின் பாதி இதில் இருக்கிறது.

எவ்வளவு உழும்? ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஹெரன் தீவைச் சுற்றி ட்ரோன் பறக்கவிட்டு அட்டைகளை எண்ணினார்கள். ஒரு குச்சி அட்டை நாளைக்குச் சுமார் 38 கிராம் மணலை வெளியேற்றுகிறது, ஆண்டுக்கு ஏறக்குறைய 14 கிலோ. அந்த ஒரு திட்டில் மட்டும் எல்லா அட்டைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 64,000 டன்னுக்கு மேல் மணலைப் புரட்டிப்போடுகின்றன என்று 2021ல் கணக்குச் சொன்னார்கள். லாரி லாரியாக அள்ளினாலும் அந்த வேலையை நம்மால் செய்ய முடியாது.

அது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் சோதனை இருக்கிறது. பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில், சில திட்டுகளில் அட்டைகளை எடுத்துவிட்டு, சிலவற்றில் விட்டுவைத்து, இரண்டிலும் பவளத்தை நட்டுப் பார்த்தார்கள். 2024ல் முடிவு வெளியானது. அட்டை இல்லாத இடத்தில் பவளம் முழுதாகச் செத்துப்போகும் வாய்ப்பு 15 மடங்கு அதிகம். மணலைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பக்கத்திலிருந்துதான் திசு அழுகத் தொடங்குகிறது. மணலில் சேரும் அழுக்கையும் நுண்ணுயிரையும் அட்டை தின்று குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அது போனதும் நோய்க்கு வழி திறந்துவிட்டது. மருத்துவமனையில் தினமும் தரை துடைக்கும் அம்மாவை நிறுத்திவிட்டால் நோயாளிக்கு என்ன ஆகுமோ அதேதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான சோதனை ஆஸ்திரேலியாவின் மோர்டன் விரிகுடாவில் நடந்தது. அங்கே இருந்தது நம் வெள்ளை அட்டையேதான். கடற்புல் வெளியில் வலைக்கூண்டு வைத்து அட்டையை விலக்கிய இடத்தில் புல்லின் வளர்ச்சி குறைந்தது. இராமநாதபுரத்துக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் நம்முடைய பெரிய சொத்து பவளத்தைப்போலவே கடற்புல்லும்தான். ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வது அந்தப் புல்லில். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்வது அதில். 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளையொட்டி 448 சதுர கிலோமீட்டரில் ஆவுளியாவுக்குக் காப்பகம் அறிவித்தார்கள். மிக நல்ல காரியம். அந்தப் புல் நிற்கும் மண்ணைக் கிளறிக் கொடுப்பவனையும் அதே அன்போடு பார்க்கத்தான் நமக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆவுளியாவுக்கு முகம் இருக்கிறது. அட்டைக்கு முகமே இல்லை.

சூழலியலில் சில உயிரினங்களை அச்சாணி இனம் என்று சொல்லலாம். தேர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அச்சாணி கழன்றால் அங்கேயே நின்றுவிடும். இந்தக் கருத்தைக் கொண்டுவந்தவர் ராபர்ட் பெய்ன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பாறைக் கரையில் ஒரு துண்டு இடத்தில் இருந்த ஊதா நட்சத்திர மீன்களை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கிக் கடலில் வீசினார். தின்ன ஆள் இல்லாததால் சிப்பிகள் பெருகிப் பாறையையே மூடின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 தான் மிஞ்சின. 1966ல் அதை எழுதினார், 1969ல் அந்தப் பெயரை வைத்தார். கறாராகப் பார்த்தால், எண்ணிக்கையில் குறைவாக இருந்து பெரிய விளைவு ஏற்படுத்துவதைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். அட்டை ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தது. அதனால் அதை அச்சாணி என்று சொல்லக் கூடாது, சூழலைச் செதுக்கும் உயிர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. வாதம் நியாயமானது. ஆனாலும் மூரியாவின் கணக்கைப் பார்த்த பிறகு நான் அச்சாணி என்றே சொல்கிறேன். எடுத்தால் வண்டி நிற்கிறது, எனக்கு அது போதும்.

அண்டாவுக்கு முன்னால் நஞ்சு எதற்கு

நம் கரையிலிருந்து சீனத்துக்கு அட்டை போவது ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வழக்கம் என்கிறார்கள் இதை ஆராய்ந்தவர்கள். நாம் தின்றதில்லை. எந்தக் குழம்பிலும் அதற்கு இடமில்லை. எல்லாம் காயவைத்துக் கப்பலேற்றத்தான். அண்மைக் காலத்தில் சிங்கப்பூர், ஹாங்காங் சந்தைகள்தான் விலையை நிர்ணயித்தன.

எடுத்த விதத்தைக் காக்கா விவரித்தார். கண்ணில் கண்ணாடி, காலில் துடுப்புபோல அலுமினியத் தட்டு, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கிக் கையால் பொறுக்க வேண்டியதுதான். தடுமாறி ஓடும் மீனைப் பிடிப்பதைவிட எவ்வளவோ சுலபம். "கெடந்த எடத்துலயே கெடக்கும். நம்மளப் பாத்தும் நவுராது" என்றார். இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அட்டை நகரத் தேவையே இல்லாமல் இருந்தது. நெருங்குபவனை நஞ்சு பார்த்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையில்தான் அந்த உடம்பே அமைந்திருக்கிறது.

கரைக்கு வந்ததும் பின்பக்கத்தில் ஒரு கீறல் போட்டுக் குடலைப் பிதுக்கி எடுப்பார்கள். பெரிய அண்டாவில் கொதிக்கவைப்பார்கள். பிறகு கரையிலேயே குழி தோண்டி ஈர மணலில் இரவெல்லாம் புதைத்து வைப்பார்கள். 12 முதல் 18 மணி நேரம். மேல்தோலில் இருக்கும் சுண்ணாம்புத் துகள் படலம் அதற்குள் இளகிவிடும். மறுநாள் தோண்டி எடுத்து, தேய்த்துக் கழுவி, மறுபடி வேகவைத்து வெயிலில் காயப்போடுவார்கள். காய்ந்து முடிந்தால் எடையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கருத்துச் சுருங்கிய கட்டைத் துண்டுபோல இருக்கும்.

இதில் நஞ்சு என்ன ஆனது? சபோனின் நீரில் கரைவது. குடல் போனது, நூலும் அதோடு போனது. கொதிநீரில் கரைந்ததும், கழுவிய நீரில் போனதும் போக மிஞ்சியது சாப்பிடும் பக்குவத்துக்கு வந்துவிடுகிறது. மீனின் செவுளைத் துளைக்கும் மூலக்கூறு ஓர் அண்டா வெந்நீருக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடலில் அட்டைக்கு ஏற்கெனவே பகைவர்கள் உண்டு. அடுப்பு மூட்டத் தெரிந்த பகைவன் மட்டும்தான் புதிது.

எது முதலில் குறைந்தது என்பதைக் கேட்டால் இன்னும் தெளிவாகும். காக்காவின் கணக்கில் முதலில் போனது வெள்ளை அட்டை. தோல் தடிமன், காய்ந்தாலும் சதை நிற்கும், நூலும் கிடையாது. அதனால் விலை உச்சம். நூல் அட்டையைக் கண்டால் ஒதுக்கிவிடுவார்களாம். கையெல்லாம் பசை, விலையும் கம்மி. வெள்ளை அட்டை கிடைப்பது குறையக் குறைய, ஒதுக்கியதையும் எடுக்க ஆரம்பித்தார்கள். எந்த அட்டை கடலில் மிஞ்சும் என்பதை அந்த நாளில் நஞ்சும் நூலும் முடிவு செய்யவில்லை. சந்தையின் விலைச்சீட்டு முடிவு செய்தது.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதைப் பலர் சொல்வதில்லை. அட்டை ஆணும் பெண்ணும் கூடுவதில்லை. ஆண் விந்தை நீரில் விடும், அருகில் இருக்கும் பெண் முட்டையை நீரில் விடும். ஒரு தாய் வெள்ளை அட்டை பத்து இலட்சம் அளவுக்குக்கூட முட்டை விடக்கூடும். ஆனால் ஆண் பக்கத்தில் இருந்தால்தான் கருவாகும், தூரத்தில் இருந்தால் முட்டை வீண். எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், மிஞ்சியவை உயிரோடு இருந்தும் பெருகாது. ஒரு சில அட்டை இன்னும் கண்ணில் படுகிறதே என்று திருப்திப்பட முடியாததன் காரணம் இது.

சட்டம் வந்த வழி

1982ல் முதல் கட்டுப்பாடு வந்தது. காய்ந்த அட்டை 3 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாது. அளவுகோல் சுங்கத்தில் இருந்தது, கடலில் இல்லை. சின்னது எடுப்பது நிற்கவில்லை. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருந்தும், அறிவுக்குக் குறைவில்லாத கரையாக இருந்தும், கடலடியில் நடந்ததைத் தடுக்க ஆள் இல்லை.

நல்லதும் நடந்தது. 1988ல் அதே நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் டி.பி.ஜேம்ஸ் வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிடவைத்துக் குஞ்சு எடுத்துக் காட்டினார். நம் நாட்டில் அதுதான் முதல்முறை. உலகில் பல நாடுகள் இன்று செய்யும் அட்டை வளர்ப்புக்கு அந்தத் தொட்டி முன்னோடி. அதைப் பிடித்துக்கொண்டு நாம் பெரிதாக மேலே போயிருக்கலாம்.

2001ல் எல்லாக் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை. ஒரே நாளில் கரைக்காரரின் தொழில் குற்றமானது. "ராத்திரி படுத்து எந்திரிச்சா திருடனாயிட்டோம் தம்பி" என்று காக்கா சொன்னபோது குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு வலித்தது. மாற்றுத் தொழில் காட்டாமல் தடை மட்டும் போட்ட விதத்தில் நியாயம் இல்லை. அதற்காகத் தடையே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளை அட்டையை உலக அளவில் அருகிவரும் இனமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். தடை இல்லாமல் இருந்திருந்தால் அன்று காலை அந்த வலையில் ஒன்று கிடந்திருக்குமா என்பதே சந்தேகம்.

தடைக்குப் பிறகும் அட்டை போய்க்கொண்டுதான் இருக்கிறது. மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்தி மண்டபம், வேதாளை பக்கத்திலிருந்து அடிக்கடி வரும். அக்கரையில், இலங்கையின் வடக்கில், அட்டை வளர்ப்பும் வணிகமும் சட்டப்படி நடக்கின்றன. ஒரே கடலின் இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் தொழில். இருட்டில் படகு ஓடுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று என் மனதை உறுத்துகிறது. கையால் ஓர் அட்டையை எடுத்தவன் சிறைக்குப் போகிறான். அதே மணல்வெளியை விசைப்படகின் இழுவை மடி, அதாவது கடலடியை வாரும் வலை, வாரிக்கொண்டு போனால், புல்லும் அட்டையும் சங்காயம் என்னும் கழிவு மீனோடு சேர்ந்து நசுங்கிக் கரைக்கு வரும். அதை எண்ணுவார் யாரும் இல்லை. உழவு மாட்டைக் கொன்றால் தண்டனை, உழுத நிலத்தையே வாரிப் போனால் ஒன்றுமில்லை என்பதுபோல இருக்கிறது இது. அட்டையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கடற்புல் வெளியில் மடி இழுப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

அடுத்ததாக, 1988ன் தொட்டியைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். குஞ்சு பொரித்து, முன்பு அட்டை எடுத்த குடும்பங்களின் காவலில், அவரவர் ஊர்க் கடலில் விட வேண்டும். விற்க அல்ல, முதலில் பெருக்க. இதுவும் சுலபமில்லை. குஞ்சு அட்டைக்கு உடம்பு சிறிது, தோல் மெல்லியது. நண்டும் சில மீனும் தின்றுவிடும். மடகாஸ்கர் அட்டைப் பண்ணைகளில் நண்டுதான் பெரிய தொல்லையாக இருந்தது. சின்னதுகள் பகலில் மணலுக்குள் புதைந்து இரவில் வெளியே வருவது அதனால்தான். ஆகவே எங்கே, எந்த அளவில், எந்த மாதத்தில் விடுவது என்பதைத் தீர்மானிக்கக் கடலடி தெரிந்தவர் வேண்டும். அட்டை எங்கே படுக்கும், எந்த ஆழத்தில் எந்தப் புல்லில் திரியும் என்பதைக் காக்கா வயதுக்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. அவர்களுக்கு இப்போது 60 வயதுக்கு மேல். கேட்பதாக இருந்தால் சீக்கிரம் கேட்க வேண்டும்.

அன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நூல் விட்ட அட்டையை வலையோடு இழுத்தால் தோல் கிழிந்துவிடும். காக்கா வலையின் அந்தப் பகுதியைக் கடல் நீரில் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டார். ஒரு கையால் ஈர மணலை அள்ளி அள்ளி இழைகளின் மேல் தேய்த்தார். பசை மணலைப் பிடித்துக்கொண்டதும் பிடி தளர்ந்தது. கண்ணி கண்ணியாக விலக்கி அட்டையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் படுக்கவைத்து இடுப்பளவு நீருக்கு நடந்தார். புல் தட்டுப்படும் இடம் காலுக்குத் தெரிந்தது போலிருக்கிறது, நின்று, குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு அடியில் வைத்துவிட்டு வந்தார். நண்டின் காலில் சுற்றியிருந்த நூலை மட்டும் அவரால் எடுக்க முடியவில்லை. அந்த நண்டை அப்படியே கூடையில் போட்டார்கள்.

மறுநாள் போனபோது வலை காய்ந்துகொண்டிருந்தது. நூல் ஒட்டிய கண்ணிகள் மட்டும் விறைத்து, மணல் அப்பி, தனியாகத் தெரிந்தன. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

"ரெண்டு நாளைக்குப் போவாது தம்பி" என்றார் காக்கா.